மலையை வலம் வர ஒரு புதன்கிழமை

பெரம்பலூர் பஸ் நிலையத்தை விட்டு எந்த வண்டி வெளியே போவதென்றாலும் நேரக்காப்பாளர் சிங்காரவேலு விசில் ஊத வேண்டும். இருபத்தேழு வருஷமாக ஊதுகிறார். துறையூருக்கு ஊதியிருக்கிறார், ஆத்தூருக்கு ஊதியிருக்கிறார், திருச்சிக்கும் அரியலூருக்கும் ஊதியது எத்தனை தடவை என்று அவருக்கே தெரியாது. ஒரு வண்டி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் அவருக்கு மூக்கில் ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அவர் ஏறிப் போன ஊர்களை எண்ண ஒரு கை விரல் போதும். மாமியார் ஊர் மீன்சுருட்டி, நேர்த்திக்கடனுக்குக் கல்லங்குறிச்சி, மகளைக் கல்லூரியில் சேர்க்கத் திருச்சி. மீதி இரண்டு விரலை அவர் இன்னும் மடக்கவில்லை.

அவர் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் மேற்கே பச்சைமலை தெரியும். மகள் பூவிழி மூன்றாவது படிக்கிறபோது ஒருநாள், "அப்பா, அந்த மலைக்கு நடந்து போலாமா?" என்று கேட்டாள். "அடுத்த வருஷம் போயிட்டு வந்துடுவோம்" என்றார். பொய்யில்லை, மனசார நினைத்துத்தான் சொன்னார். மறுவருஷமும் மனசார நினைத்தார். இப்படிப் பதினாறு அடுத்த வருஷங்கள் கழிந்தன. மலை இருந்த இடத்திலேயே இருந்தது. அவரும் இருந்த இடத்திலேயே இருந்தார். பூவிழி மட்டும் நிலவியல் படித்து, கல்லங்குறிச்சி பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சுத்தியலும் கையுமாக வெயிலில் அலைந்து, பட்டம் வாங்கி, ஒடிசாவில் ஒரு சுரங்கக் கம்பெனியில் வேலையும் வாங்கிவிட்டாள்.

வேலை உத்தரவு வந்த வெள்ளிக்கிழமை, அப்பா சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"இருவத்து மூணு நாளு இருக்குப்பா. எனக்கு நக வேணாம், பொடவ வேணாம், ஊரக் கூட்டி விருந்து வேணாம். நாலு நாளு வேணும். நீங்களும் நானும் பைய மாட்டிக்கிட்டு மலைய ஒரு சுத்து நடந்து வந்துடணும். அப்பறம் வருசத்துக்கு ஒரு வாட்டி தீவாளிக்கி வருவேன், பலகாரம் தின்னுட்டுப் போயிடுவேன். இப்ப இல்லன்னா இனிமே கேக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் சிங்காரவேலுவை உலுக்கியது. பதினாறு வருஷம் கேட்ட பிள்ளை இனிமேல் கேட்காது என்பது, தினம் வருகிற வண்டியின் தடத்தையே எடுத்துவிட்டார்கள் என்பதைப் போல இருந்தது. "போறோம்மா. இந்தவாட்டி போயே தீருறோம்" என்று ஈரக்கையோடு சத்தியம் செய்தார்.

உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த வளர்மதி, "சத்தியத்துக்கு டைம் போட்டு வாங்கிக்கடி" என்றாள்.

மறுநாளே நீள நோட்டு ஒன்று வாங்கி வந்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, "மலைச் சுற்று – நான்கு நாட்கள்" என்று எழுதி அடிக்கோடிட்டார் சிங்காரவேலு. வழியைப் பூவிழி சொன்னாள். முதல் நாள் லாடபுரத்தில் ஏறி மேற்கே நடப்பது, இரண்டாம் நாள் மலைமேலேயே வடக்கே போவது, மூன்றாம் நாள் கிழக்கே கோரையாற்றுப் பக்கமாக இறங்குவது, நான்காம் நாள் அடிவாரத்தோடு தெற்கே நடந்து மறுபடி லாடபுரம் வந்து சேர்வது. அவள் இதை ஒரு துண்டுத்தாளின் பின்பக்கம் நாலு கோடு இழுத்து முடித்துவிட்டாள். அவர் அதை நோட்டில் பதினெட்டுப் பக்கமாக விரித்தார். இடம், சேரும் நேரம், புறப்படும் நேரம், குறிப்பு என்று கட்டம் கட்டினார். முதல் ஓடை, சேர்வது 8.42, புறப்பாடு 8.46. பெரிய பாறை, இளைப்பாற ஆறு நிமிடம். மூன்றாம் கிலோமீட்டரில், "இயற்கை அழைப்பு – ஒருவருக்கு மட்டும்" என்று கூட ஒரு வரி இருந்தது.

"ஒருத்தருக்குத்தானா? இன்னொருத்தருக்கு வந்துட்டா?" என்றாள் பூவிழி.

"அது ரெண்டாவது ட்ரிப்புல வருதும்மா. பக்கத்தத் திருப்பிப் பாரு."

பையின் எடை குறைவாக இருக்க வேண்டும் என்று அவள் ஒரு பேச்சுக்குச் சொன்னதை அவர் மேலதிகாரியின் சுற்றறிக்கையாக எடுத்துக்கொண்டார். பல்துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியாக அறுத்தார். துண்டைக் கிழித்துப் பாதி ஆக்கினார். சீப்பை முறித்ததில் பெரிய பல் உள்ள பாதி வளர்மதிக்குப் போனது. மளிகைக்கடையில் இரவல் வாங்கிய தராசில் ஒவ்வொரு சாமானாக வைத்து நிறுத்து நோட்டில் ஏற்றினார். இப்படிச் சேமித்த நூற்றெண்பது கிராமையும், வழியில் தேவைப்படலாம் என்று அரைக்கிலோ பூட்டு ஒன்றை வாங்கிப் போட்டு நிரப்பினார்.

"காட்டுல எதப்பா பூட்டப் போறீங்க?"

"அது அப்ப தெரியும்."

பயிற்சியும் நடந்தது. ஊருக்குள் உயரம் என்று சொல்லிக்கொள்ள நான்கு ரோடு மேம்பாலம்தான் உண்டு. பொன்னி அரிசி பத்துக் கிலோவை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு காலை டூட்டி முடிந்ததும் பாலத்தில் ஏறி இறங்கினார். இரவுப்பணி பார்க்கிற சக நேரக்காப்பாளர் அய்யாக்கண்ணு வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, வூட்ட வுட்டுத் தொரத்திட்டாங்களா?"

"மலைக்கிப் போறேன்யா. அதுக்குப் பழகுறேன்."

"முதுகுல என்ன?"

"அரிசி."

"மலையில போயி வடிச்சுத் திங்கவா?"

"இல்லய்யா. வெறும் வெயிட்டுக்கு. போறப்ப அரிசி கெடையாது."

அய்யாக்கண்ணு பையைத் தட்டிப் பார்த்தார். "அப்ப வேணுங்கறத இங்க செமக்கிறீங்க, வேணாங்கறத அங்க செமக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டியிலிருந்து வளர்மதியின் அண்ணன் ராசாங்கம் ஒரு பை முந்திரிக்கொட்டையோடு வந்து இறங்கினார். முந்திரித்தோப்புக்காரர், ஆறடி ஆள், ஊரில் யார் பெண் பார்க்கப் போனாலும் யார் தண்ணீருக்குப் போர் போட்டாலும் நாள் குறித்துக் கொடுக்கிறவர். தங்கை மகள் மலைக்குப் போகிறாள் என்று கேட்டதும் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"காது குத்துக்கு என் மடியில ஒக்கார வச்சீங்க. சடங்குக்கு என் சீரு வந்துச்சு. மலைக்கி மட்டும் தாய்மாமன் வேணாமா? என்ன மாப்ள இது?"

சிங்காரவேலு மகளைப் பார்த்தார். பூவிழி தரையைப் பார்த்தாள். நீங்களும் நானும் என்றுதான் அவள் கேட்டிருந்தாள். ஆனால் தாய்மாமனை வேண்டாம் என்று சொல்கிற நாக்கு அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

"வாங்க மச்சான். அதுக்கென்ன" என்றார்.

"வரேன். வந்துட்டேன்னு வைங்க. ஆனா ஒரு சிக்கலு. நீங்க ஒண்ணு, புள்ள ஒண்ணு, நான் ஒண்ணு. மூணு பேரா ஒரு காரியத்துக்குப் படி எறங்கலாமா?"

"மாமா, வழிகாட்ட மலையூருலேருந்து முத்தாயின்னு ஒருத்தங்க வராங்க. அவங்களோட நாலு பேரு" என்றாள் பூவிழி.

"அவங்க அடிவாரத்துல வந்து சேருறவங்க. இந்த வாசப்படிய விட்டு எறங்கறப்ப எத்தன பேரு? மூணு. ஒண்ணும் பயமில்ல, நாலாவது ஆளா ஒரு கல்ல எடுத்துக்கிட்டா சரியாயிடும். நீதான் கல்லப் பத்திப் படிச்ச புள்ளையாச்சே, நல்ல கல்லா ஒண்ணு பாத்து எடு."

பல்துலக்கும் பிரஷைப் பாதியாக அறுத்தவர், நோட்டில் "கல் – ஒன்று – 250 கிராம்" என்று எழுதிக்கொண்டார். பூவிழி மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ராசாங்கம் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை ஆணியோடு கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அன்றைய தாளில் வழக்கம்போலப் போட்டிருந்தது: சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசையில் சூலம் நிற்கும். அந்தத் திசை நோக்கிப் பயணம் போகிறவன் காரியம் உருப்படாது. அரியலூருக்குப் போகிறவன் கிழக்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டால் போதும். துறையூருக்குப் போகிறவனுக்கு மேற்கு. ஆனால் மலையைச் சுற்றுகிறவன் நாலு நாளில் நாலு திசைக்கும் நடந்தாக வேண்டும். பூமியில் பிறந்த யாரும் சூலத்திடம் இப்படி நாலாபக்கமும் போய் மாட்டிக்கொள்ளத் திட்டம் போட்டதில்லை என்று ராசாங்கம் சொன்னார்.

"பரிகாரந்தான் போட்டிருக்கே மாமா. வெல்லத்தக் கடிச்சிட்டுப் போவோம்" என்றாள் இறங்கி வந்த பூவிழி.

"ஒரு நாளைக்கி வெல்லம். கெழக்குன்னா தயிரு, வடக்குன்னா பாலு, தெக்குன்னா தைலம். மலமேல தயிருக்கு எங்க போவ?"

"தயிர் இருநூறு கிராம், டப்பாவோட" என்று முணுமுணுத்தபடி சிங்காரவேலு எழுதினார்.

"எழுதாதீங்கப்பா!"

அவர் எழுதுவதை நிறுத்தினார். ஆனால் வேறொன்று அவரைப் பிடித்துக்கொண்டது. நாலு நாள், நாலு திசை, ஏழு கிழமை. இது டிப்போவில் வண்டிக்கும் ஆளுக்கும் முறை போடுகிற கணக்கேயல்லவா? இருபத்தேழு வருஷத்தில் இப்படி ஒரு அருமையான சிக்கலை யாரும் அவர் கையில் கொடுத்ததில்லை. மனிதருக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. மதியம் முழுக்கக் கட்டம் போட்டார், அடித்தார், மறுபடி போட்டார். திங்களில் கிளம்பினால் செவ்வாய் வடக்கே இடிக்கிறது. வியாழனில் கிளம்பினால் சனி கிழக்கே இடிக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, "புதன்!" என்று கத்தினார். "புதன்ல ஏறி சனியில எறங்குனா ஒரு சூலமும் குறுக்க வராது!"

"பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று ராசாங்கம் மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். இரண்டு பேரும் மலையையே சுற்றி வந்த மாதிரி களைத்து, இன்னொரு காபி கேட்டார்கள்.

"மூணு புதந்தான் இருக்கு எனக்கு" என்றாள் பூவிழி.

அவளும் படித்த பெண் அல்லவா, கட்டத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னாள். "இதே சுத்த தலகீழா வைங்க. மொதல்ல அடிவாரத்தோட வடக்க, அப்பறம் மேல ஏறி மேக்க, அப்பறம் தெக்க, கடைசியில கெழக்க எறங்குறது. ஞாயிறு, திங்க ரெண்டும் கெளம்பத் தோதா வருது பாருங்க. நாளைக்கே போயிடலாம்."

சிங்காரவேலு சரிபார்த்தார். வந்தது. அப் ட்ரிப்பை டவுன் ட்ரிப்பாக மாற்றுகிற இந்த யோசனை தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் ராசாங்கம் ஒரு விரலைக் காற்றில் இடப்பக்கமாக ஒரு வட்டம் சுழற்றிக் காட்டினார்.

"இப்புடிச் சுத்துனா என்ன அர்த்தம்னு தெரியுமா மாப்ள? சாமிய வலமாச் சுத்துவாங்க. எடமாச் சுத்துறது எதன்னு என் வாயால சொல்ல வைக்காதீங்க. வேலைக்கிப் போற புள்ள."

அதற்கு மேல் அந்த வீட்டில் யார் பேசுவார்கள்? புதன்தான் என்று முடிவாயிற்று.

முதல் புதன்கிழமை ஆடிமாதக் கடைசியில் விழுந்தது. "ஆடி கழியட்டும்" என்றார் ராசாங்கம் போனில். இரண்டாவது புதன்கிழமை ஆவணியில்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு ராசாங்கத்தின் ராசிக்குச் சந்திராஷ்டமம். அவர் இல்லாமல் போகலாம் என்று அவரே பெருந்தன்மையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "எனக்கென்ன, புள்ள நல்லாயிருந்தா சரி" என்று குரலைத் தழுதழுக்க வைத்தார். தள்ளிப்போட்டார்கள். வனத்துறை அனுமதிக் கடிதத்தைப் பூவிழி ஒரே நாளில் வாங்கி வந்திருந்தாள். தேதியை மாற்றி இன்னொன்று வாங்க இன்னொரு நாள் அலைந்தாள். சிங்காரவேலு அதற்கு மூன்று நகல் எடுத்து மூன்று உறையில் போட்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள், பையை மறுபடி நிறுத்துப் பார்க்கத் தராசு தேடிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தவர், சுவருக்கு அப்பால் மகள் அம்மாவிடம் சொல்வதைக் கேட்டார்.

"அப்பா வரமாட்டாரும்மா. நோட்டுதான் வரும்."

"தெரிஞ்சதுதானடி" என்றாள் வளர்மதி.

சிங்காரவேலு தராசைத் தேடாமலே திரும்பிவிட்டார். அன்றைக்கு நோட்டைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது அவருக்குச் சிரமமாக இருந்தது.

மூன்றாவது புதன் வந்தது. ஞாயிறு அவளுக்கு ரயில். இது தவறினால் அடுத்தது கிடையாது. ஏழரைக்கு எமகண்டம் பிறப்பதால் அதற்குள் மலையடியில் கால் வைத்துவிட வேண்டும் என்று ராசாங்கம் முந்தின நாளே வந்து படுத்துக்கொண்டார். காலை ஐந்து நாற்பதுக்கு மூன்று பேரும் ஒரு கல்லுமாகப் படி இறங்கினார்கள். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, நோட்டில் போட்டிருந்தபடி, பஸ் நிலையம். லாடபுரம் வண்டி நின்றுகொண்டிருந்தது. பூவிழியும் ராசாங்கமும் ஏறி இடம் பிடித்தார்கள். ராசாங்கம் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்.

சிங்காரவேலு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று நேரக்காப்பாளர் கூண்டுப் பக்கம் போனார். அய்யாக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"அண்ணே, நேத்துச் சாப்ட்ட பரோட்டா. நிக்க முடியலண்ணே. ஒரே நிமிசம்..." என்று விசிலை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

ஒரே நிமிஷந்தானே. சிங்காரவேலு பையைக் கழற்றிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. துறையூர் வண்டிக் கண்டக்டர் தாளை நீட்டினார், நேரம் போட்டார். ஆத்தூர் வண்டி, போட்டார். அரியலூர் வண்டிக்காரனை, "டீயக் குடிச்சிக்கிட்டே இருந்தா வண்டிய யாரு எடுக்கறது, உங்க மாமனா?" என்று விரட்டினார். கடிகாரம் ஆறு ஐந்தைத் தொட்டது. லாடபுரம் வண்டி இன்னும் நிற்கிறது! மூக்கில் ஈ உட்கார்ந்தது.

"லாடபுரம்! லாடபுரம்! ஆறஞ்சு ஆயிடுச்சுய்யா, எடு எடு எடு!" என்று கூண்டை விட்டு எழுந்து நின்று நீளமாக ஊதினார்.

வண்டி கிளம்பியது. பின் ஜன்னலிலிருந்து ஒரு பெண் பாதி உடம்பை வெளியே நீட்டி, "அப்பா! அப்பா!" என்று கத்தினாள்.

"கைய உள்ள வைம்மா!" என்று அதட்டினார் சிங்காரவேலு.

பிறகு உட்கார்ந்து பதிவேட்டில், "லாடபுரம், புறப்பாடு 6.05, சரியான நேரம்" என்று எழுதப் போனார். சரியான என்பதில் பேனா நின்றது.

அவர் எழுந்து வெளியே ஓடியபோது வண்டி திருப்பத்தில் மறைந்துவிட்டது. போன் அடித்தது. மகள் சிரிப்பாள் என்று நினைத்தார். திட்டுவாள் என்றும் நினைத்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. சாதாரணமாகப் பேசினாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நீங்களே ஊதி அனுப்பிட்டீங்கப்பா."

"இல்லம்மா, அய்யாக்கண்ணுக்கு வவுறு..."

"சரி. ஏழு இருவதுக்கு அடுத்த வண்டி இருக்குல்ல. அதுல வாங்க. நாங்க எறங்கி நிக்கிறோம். அதுலயும் வரலன்னா நானும் மாமாவும் முத்தாயிக்காவோட ஏறிடுறோம். எப்புடி இருந்துச்சுன்னு தீவாளிக்கி வந்து சொல்றேன்."

வைத்துவிட்டாள்.

அய்யாக்கண்ணு ஆறரைக்கு வெளிறிப்போய் வந்தார். வந்த வேகத்தில் பெஞ்சில் சாய்ந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சிங்காரவேலுவுக்குப் பதிலாகக் காலை டூட்டி பார்க்க வேண்டியவர் அரியலூரிலிருந்து ஏழே முக்காலுக்குத்தான் வருவார். அந்த ஏற்பாட்டைச் செய்ததும் சிங்காரவேலுதான். நடுவில் கூண்டுக்கு ஆள் இல்லை. இருபத்தேழு வருஷத்தில் கூண்டு ஒரு நிமிஷம் காலியாக இருந்ததில்லை. அது தன்னால்தான் என்று அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

ஏழு பதினெட்டுக்கு அவர் எழுந்தார். பதிவேட்டை மூடினார். நடந்துபோய் லாடபுரம் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இருப்புக்கொள்ளாமல் கூண்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அம்மாள், "ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டாள்.

ஏழு இருபது ஆயிற்று. இருபத்திரண்டு ஆயிற்று. வண்டி நகரவில்லை.

"ஏன்யா எடுக்கல?" என்றார் டிரைவரிடம்.

"டைம்கீப்பரு ஊதலீங்களே சார். கூண்டுல ஆளையே காணும்" என்றவர் திரும்பிப் பார்த்து, "நீங்கதானுங்களே அது?" என்றார்.

வண்டிக்குப் பின்னால் சேலம் வண்டி, அதற்குப் பின்னால் கும்பகோணம் வண்டி, எல்லாம் ஊதலுக்குக் காத்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சிங்காரவேலு இறங்கி ஓடினார். கூண்டுக்குள் நின்றபடியே எதிரே நீட்டிய எல்லாத் தாளிலும் கண்ணை மூடிக்கொண்டு நேரம் போட்டார். ஒரே மூச்சில் ஊதினார். சேலமும் கும்பகோணமும் லாடபுரமும் ஒரே ஊதலில் கிளம்பின. ஓடுகிற வண்டியில் ஏறுகிறவர்களை அவர் எத்தனையோ தடவை காதைத் திருகாத குறையாக ஏசியிருக்கிறார். அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐம்பத்துநான்கு வயதில், பின்படியைத் தாவிப் பிடித்தார். கண்டக்டர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

நான்கு ரோடு தாண்டிய பிறகுதான் முதுகு லேசாக இருப்பது தெரிந்தது. பை கூண்டிலேயே இருந்தது. நோட்டும் பைக்குள் இருந்தது.

லாடபுரத்தில் இறங்கியபோது மணி எட்டு. டீக்கடை பெஞ்சில் ராசாங்கம் மடியில் கல்லோடு உட்கார்ந்திருந்தார். பூவிழி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு இறக்கிவிட்டு வெறும் கூடையோடு முத்தாயி. நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். "மூணு பொதனா கீழ வந்து காத்துக்கிட்டு இருக்கேன் சார். மல எங்கயும் போயிடாது, எனக்குக் காலு வலிக்குதுல்ல?" என்றாள்.

"எமகண்டம் மாப்ள. ஒம்போது வரைக்கும் இந்த பெஞ்ச வுட்டு நான் நகர மாட்டேன்" என்றார் ராசாங்கம்.

சிங்காரவேலு மச்சானைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவளுடைய செருப்பு ஏற்கெனவே மலைப்பக்கம் திரும்பியிருந்தது. "நீங்க ஒம்போதுக்கு மெதுவா வாங்க மச்சான்" என்று அவர் சொன்னது, அவர் வாயில்தான் வந்தது என்பதை ராசாங்கம் நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒன்பது மணிக்கு ராசாங்கம் எழுந்து, வழிகாட்டியைச் சேர்க்காமல் முன்னால் போனவர்கள் இரண்டு பேர், தான் போனால் மூன்று, நாலாவதான கல்லையும் தானேதான் தூக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, மீன்சுருட்டிக்குப் போகிற வழியில் ஜெயங்கொண்டத்தில் இறங்கி ஒரு சோலியை முடித்துக்கொள்ளலாம் என்று பெரம்பலூர் வண்டி ஏறிவிட்டார். கல்லை டீக்கடையிலேயே விட்டுவிட்டுப் போனதாகப் பிற்பாடு தெரிந்தது.

மலையைச் சுற்றினார்களா என்றால், இல்லை. அரிசி மூட்டையோடு பாலத்தில் ஏறிப் பழகிய முட்டி, வெறும் ஆளாக மலையில் ஏறியதும் பதினோரு மணிக்கெல்லாம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. முத்தாயியின் ஊரே முதல் ஊர். அதோடு சரி. அங்கே ஒரு பலாமரத்தடியில் கட்டிலைப் போட்டு, முட்டிக்கு நொச்சி இலை வதக்கிக் கட்டி, சிங்காரவேலுவைச் சாய்த்துவிட்டார்கள். வடக்கும் கிழக்கும் தெற்கும் அதனதன் இடத்தில் இருந்தன. பூவிழியின் சின்னப் பையிலேயே இரண்டு பேருக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. தன் பையில் அப்படி என்னதான் வைத்திருந்தோம் என்று அவர் யோசித்துப் பார்த்தார்; பூட்டைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

புதன் போயிற்று. வியாழன் போயிற்று. எத்தனை மணிக்குப் போயிற்று என்று எழுதி வைக்க ஆளில்லை. அப்பாவும் மகளும் பேசினார்கள். ஒடிசாவில் அவளோடு வேலை பார்க்கப் போகிறவர்களைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு அங்கே இட்லி கிடைக்குமா என்று அவர் நாலு தடவை கேட்டார். அந்த ஊர் மண் ஏன் சிவப்பு என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், பாதி புரிந்தது. அவரும் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "நீ பொறக்கறப்ப ஒங்கம்மாவ நான் கூட அழைச்சிட்டுப் போகலம்மா. திருச்சி வண்டியில ஏத்தி, டைம் போட்டு, ஊதி அனுப்பிட்டேன். டூட்டி முடிச்சி சாயங்காலம் வந்து பாக்கறேன், நீ பொறந்துட்ட."

"அம்மா சொல்லியிருக்கு" என்றாள் பூவிழி.

"எத்தினி வாட்டி?"

"ஒவ்வொரு பொறந்தநாளுக்கும்."

வெள்ளிக்கிழமை காலை, முத்தாயி அவளைக் கூப்பிட்டாள். இரண்டு மணி நேரம் மேலே நடந்தால் உச்சிப்பாறை, அங்கிருந்து பார்த்தால் மலை முழுக்கத் தெரியும், சனிக்கிழமை துறையூர் வண்டி பிடித்து இறங்குவதற்கு முன்னால் அதையாவது பார்த்துவிடலாம் என்றாள். பூவிழி கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தபடியே வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

"போயிட்டு வாம்மா. நான் இங்கதான் கெடக்கப் போறேன்" என்றார் சிங்காரவேலு.

"இருக்கட்டும்ப்பா. மலைய நான் எப்ப வேணாலும் யாரோட வேணாலும் சுத்திக்குவேன். எனக்கு நாலு நாளுதான் வேணும்."

சிங்காரவேலுவுக்கு அது விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் அடிபட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்தார். முட்டி வலித்தது. "அடிப்பாவி! அத மொதல்லயே சொல்லியிருந்தா நம்ம மொட்டமாடியிலயே நாலு நாளு ஒக்காந்திருக்கலாமே! பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கேன்!"

"மொட்டமாடியில ஒக்காந்திருந்தா அஞ்சே முக்காலுக்கு டூட்டிக்கிப் போயிருப்பீங்க."

உச்சிப்பாறைக்குத் துணை கிடைக்காத முத்தாயி, கிழங்கு வெந்துவிட்டது, சூடாகத் தின்பதென்றால் இப்போதே வர வேண்டும் என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். மகள் கையைக் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்தார்.